ஒரே தெருவில் இரண்டு பள்ளிக்கூடம்: சேர்த்துவிடலாமா?

கேள்வி: தஞ்சாவூர்ப் புறநகரிலிருந்து ஒரு வாசகர், 2 ஜூன் 2025

இன்று பள்ளி திறந்தார்கள். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 118 பிள்ளைகள். சுற்றிலும் வயலெல்லாம் நகர் ஆகிவிட்டதால் வருஷா வருஷம் கூட்டம் ஏறுகிறது. இருப்பது மூன்று அறை. ஒன்றாம் வகுப்பு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே தெருவில் முந்நூறு அடி தள்ளி ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. நாலு அறை, நல்ல தளம் போட்ட கட்டடம், 22 பிள்ளைகள். பல துறைகளிடம் இருக்கும் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எங்கள் ஊர்ப் பலகை அப்படியேதான் இருக்கிறது. சேர்த்தால் இட நெருக்கடி மறுநாளே தீரும். இதை ஏன் எதிர்க்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு

சேர்க்கலாம் தம்பி. எதிர்க்க ஒன்றுமில்லை. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக 1988-இல் சேர்ந்து, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக 2022-இல் வெளியே வந்தவன். முந்நூறு அடிக்குள் இரண்டு மணி அடிப்பது வீண் செலவு.

3 ஜூன், காலை

ராத்திரி எழுதியதைக் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். அவசரப்பட்டுவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தொடக்கப் பள்ளிக்கு இப்படிப் போகும்: 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. உங்கள் ஒன்றியப் பள்ளியில் 118-க்கு 4 பேர். அந்தப் பள்ளியில் 22-க்கு 2 பேர். மொத்தம் 6. இரண்டையும் சேர்த்தால் 140 பிள்ளை, 5 ஆசிரியர். ஒருவர் உபரி.

உபரி என்ற சொல் எங்கள் உத்தியோகத்தில் கிட்டத்தட்ட வசவு மாதிரி. வருஷா வருஷம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பணியிட நிர்ணயம் நடக்கும். அதில் உபரி என்று பெயர் வந்தால் பணி நிரவலில் எந்த ஊருக்குப் போவோம் என்று தெரியாது. ஆக ஒரு ஊரில் இரண்டு பள்ளியைச் சேர்த்தால் ஒரு ஆசிரியர் கழிவார். இதையே மாநிலம் முழுக்கச் செய்தால் எத்தனை பேர் கழிவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். எதிர்ப்புக்கு முதல் காரணம் இது.

4 ஜூன்

கும்பகோணத்து நண்பர் ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "சார், ஆசிரியரை எண்ணினீர்கள், வகுப்பை எண்ணினீர்களா?"

சரியான அடி. எண்ணவில்லை. இப்போது எண்ணுகிறேன். ஒன்றியப் பள்ளியில் 5 வகுப்புக்கு 4 பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போன நாளில் 3 பேர். அந்தப் பள்ளியில் 5 வகுப்புக்கு 2 பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போனால் ஒரே டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தி, நடுவே மூன்றாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவன் பென்சிலை உடைத்த வழக்கையும் தீர்க்க வேண்டும். சேர்த்தால் 5 வகுப்புக்கு 5 பேர், ஆளுக்கு ஒரு வகுப்பு.

அப்படியானால் பிள்ளைக்கு லாபம், நட்டம் பணியிடக் கணக்கில் மட்டும்தான். 34 வருஷம் சம்பளம் வாங்கியவன் முதலில் பணியிடத்தைத்தான் எண்ணுகிறான், பார்த்தீர்களா.

7 ஜூன்

இந்தத் துறை மாற்றம் புதுசு இல்லை. எங்கள் அப்பாவும் வாத்தியார். 1957-இல் ஜில்லா போர்டு (அன்றைய மாவட்ட உள்ளாட்சி) ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தார். 1958-இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் பஞ்சாயத்து யூனியன்கள் முளைத்தன. ஜில்லா போர்டு போயிற்று, அப்பா யூனியன் ஆள் ஆனார். உட்கார்ந்த பெஞ்சும் கரும்பலகையும் மாறவில்லை, ரப்பர் ஸ்டாம்ப் மாறியது என்பார்.

கூட்டம் ஏறியதும் அந்தச் சமயத்தில்தான். காமராசர் காலம். மதிய உணவு 1956-இல் தொடங்கியிருந்தது. ஊருக்கு ஒரு மைலுக்குள் பள்ளி என்று புதுப் பள்ளிகள் திறந்துகொண்டே போனார்கள். அப்பா பள்ளியில் இருந்தது கோயில் மண்டபமும் ஒரு கீற்றுக்கொட்டகையும். இடம் போதாமல் இரண்டாம் வகுப்பைப் புன்னை மரத்தடியில் மணலில் உட்கார வைத்தார்களாம். காலையில் தெருத் தெருவாகப் போய், மாடு மேய்க்கக் கிளம்பும் பையன்களை மறித்துக் கூட்டிவருவார். ஆக, நிர்வாகம் கை மாறுவதும் பிள்ளைகள் பெருகுவதும் அன்றைக்கும் ஒன்றாகத்தான் வந்தன.

யூனியன் காலத்துச் சம்பளக் கதை தனி. மாசம் பிறந்து பத்து, பதினைந்து தேதி ஆகும். அப்பா இருந்த ஒன்றியத்தில் ஒரு சேர்மன் (பெயர் வேண்டாம்) வீட்டுக் கல்யாணத்துக்கு வாத்தியார்கள்தான் பந்தி பரிமாறினார்கள். மறுத்தவருக்கு ஆற்றுக்கு அக்கரையில் பள்ளி. 1981 ஜூன் 1-ஆம் தேதி முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். அன்றைக்கு அம்மா பால் பாயசம் வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பள்ளிக்கூடம் திறந்தது போர்டு, ஓடு மாற்றியது யூனியன், சம்பளம் கொடுத்தது சர்க்கார், பிள்ளையைக் கூட்டி வந்தது நான்" என்று அப்பா சொல்வார். கொஞ்சம் பெருமை ஜாஸ்திதான்.

8 ஜூன்

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. 1981-இல் ஆசிரியர் அரசிடம் போனார், கட்டடம் ஒன்றியத்திடமே நின்றது. இன்றைக்கும் அப்படித்தான்.

இதன் அர்த்தம் என்ன என்று ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துச் சொல்கிறேன். என் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிவறைக்கு மேலே ஒரு சின்டெக்ஸ் டேங்க். அடியில் விரிசல். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். "கட்டடம் ஒன்றியத்தைச் சேர்ந்தது, பி.டி.ஓ.வுக்கு எழுதுங்கள்." பி.டி.ஓ. அலுவலகத்தில் ஓவர்சியர் வந்து பார்த்து, "கழிவறை கட்டியது எஸ்.எஸ்.ஏ. (அனைவருக்கும் கல்வி இயக்கம்) நிதியில், வட்டார வள மையத்தைக் கேளுங்கள்" என்றார். வள மையத்தில், "கட்டியதோடு எங்கள் வேலை முடிந்தது, பராமரிப்பு ஊராட்சி" என்றார்கள். ஊராட்சித் தலைவர் நல்ல மனுஷர், "சார், ஒரு எம்-சீல் வாங்கி அடைத்துவிடுங்களேன்" என்றார். அடைத்தேன். என் காசில். ஆறு மாதம் தாங்கியது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் இதே கதை வேறு ஆட்களோடு நடக்கும். அங்கே மேலே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், கட்டடம் பெரும்பாலும் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகம்). மதியச் சாப்பாடு சத்துணவுப் பிரிவு. காலைச் சாப்பாடு மகளிர் சுயஉதவிக் குழு. ஒரு பிள்ளையின் ஒரு நாளுக்குள் எத்தனை துறை இருக்கிறது பாருங்கள். இதில் இரண்டைச் சேர்ப்பதால் மட்டும் டேங்க் ஒழுகாமல் இருக்குமா?

9 ஜூன்

ஒரு பெரியவர் திருத்தியிருக்கிறார். ஜில்லா போர்டு ஒழிந்தபோது ஆரம்பப் பள்ளிகள்தான் யூனியனுக்குப் போயின, 'போர்டு ஹைஸ்கூல்'கள் தனியாக நின்று பிறகு அரசு உயர்நிலைப் பள்ளி ஆயின என்கிறார். சரி. நான் ஆரம்பப் பள்ளியைத்தான் சொன்னேன், பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தஞ்சாவூர் ஜில்லா போர்டு சொந்தமாக ரயில்பாதையே போட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல், 1894. மக்களிடம் வரி போட்டுச் சேர்த்த பணத்தில் கட்டியது. எங்கள் ஊர் ரயில் அது. ரயில் விட்ட ஸ்தாபனத்துக்கு ஓடு மாற்றுவது பெரிய காரியமா? உள்ளாட்சி என்றால் பந்தி பரிமாறச் சொல்லும் சேர்மன் மட்டும்தான் என்று நான் எழுதிவிட்டது தப்பு.

அதே போர்டில் ஏ. டி. பன்னீர்செல்வம் 1920-களில் தலைவராக இருந்தபோதுதான், வடமொழி மட்டும் சொல்லிக்கொடுத்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் வித்வான் படிப்பு வந்தது. ஒரு பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் உள்ளே வருகிறார்கள் என்பது. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

12 ஜூன்

மேட்டூர் திறந்தாயிற்று. இன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை. நாற்றங்காலுக்கு ஆள் பார்க்கப் போகிறேன்.

14 ஜூன்

"அலுவலகங்களைச் சேர்த்தார்களே, அதனால் என்ன ஆயிற்று?" என்று ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். 2019-இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்துவிட்டார்கள். தொடக்கப் பள்ளி, உயர்நிலை, மேல்நிலை, உதவி பெறும் பள்ளி எல்லாம் ஒரே மாவட்டக் கல்வி அலுவலர் கையில். 52 புதிய கல்வி மாவட்டங்கள் வந்தன. அலுவலகம் பக்கத்தில் வந்ததென்னவோ உண்மை. ஆனால் உள்ளே போனால் மேஜை முழுக்கப் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்தான். தேர்ச்சி விகிதத்துக்கு மேலிருந்து போன் வரும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று யாரும் போன் பண்ண மாட்டார்கள். நாங்கள் போய் நின்றால் "தொடக்கப் பள்ளியா, அப்புறம் வாங்க" என்பார்கள். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, நான் நின்ற வாசலைச் சொல்கிறேன்.

15 ஜூன்

திருத்தம். அது 2019 இல்லை, 2018 மே. அரசாணை 101. டீச்சரே எடுத்துச் சொன்னார். நான் குழப்பிக்கொண்ட 2019 வேறு: பக்கத்துத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிகளை மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வையில் கொண்டுவந்தது அந்த வருஷம். இரண்டும் ஒரே அலையில் வந்ததால் என் மண்டையில் ஒன்றாகிவிட்டது.

2022 செப்டம்பரில் அரசாணை 151 போட்டுத் தொடக்கக் கல்விக்கு மறுபடி தனி மாவட்டக் கல்வி அலுவலர் வந்தார். சேர்த்தார்கள், நாலு வருஷத்தில் பிரித்தார்கள். தொடக்கக் கல்வி இயக்ககம் 1986-இல் தனியாகப் பிரிந்ததே சின்னப் பிள்ளைகள் பள்ளி பெரிய பள்ளிகளின் நிழலில் காணாமல் போகக்கூடாது என்பதற்காகத்தானே.

இன்று கல்லணையும் திறக்கிறார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் பல நாள் ஆகும்.

21 ஜூன்

நாற்றங்கால் வேலை முடிந்தது. இனி நிதானமாக எழுதலாம். கஜா புயலைப் பற்றி.

2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் பக்கம் தென்னை ஒன்று மிச்சமில்லை. என் பள்ளிக்கு ஜன்னல்கள் போயின, தளம் நின்றது. காலனியில் இருந்த ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி பழைய ஓட்டுக் கட்டடம். பொழுது விடிந்து பார்த்தால் நாலு சுவரும் வானமும். கரும்பலகையில் முந்தின நாள் தேதி மட்டும் அழியாமல் இருந்தது.

பள்ளிகள் திறந்தபோது அந்த 41 பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். உத்தரவு பிறகு வந்தது, பிள்ளைகள் முதலில் வந்தார்கள். நாங்கள் கூடத்தைத் துணி கட்டிப் பிரித்தோம். ஒரு வாரத்தில் துணியை எடுத்துவிட்டோம், காற்று வரவில்லை. அப்புறம் இரண்டு பள்ளியின் ஒன்றாம் வகுப்பும் ஒன்றாக, இரண்டாம் வகுப்பும் ஒன்றாக உட்கார ஆரம்பித்தது. யாரும் இணைப்பு என்று அறிவிக்கவில்லை. மணி ஒன்று, பிரார்த்தனை ஒன்று. வருகைப் பதிவேடு மட்டும் இரண்டு.

சமையல்கட்டைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் சத்துணவு அமைப்பாளர் ஒருவர், அவர்கள் அமைப்பாளர் ஒருவர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று இரண்டு பேரும் தனித்தனியாக அளந்து, தனித்தனி நோட்டில் எழுதி, ஒரே குண்டானில் கொட்டினார்கள். முட்டைதான் தகராறு. எண்ணி வைத்த தட்டில் ஒன்று குறைந்தால் எந்த மையத்து முட்டை என்று தெரியாது. கடைசியில் அவர்கள் ஆயா தங்கள் முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வேகவைத்தார். வெந்த பிறகும் கோடு இருந்தது. பிள்ளைகள் அதைக் "கோட்டு முட்டை" என்று கேட்டு வாங்கித் தின்றார்கள், அதில் ருசி அதிகமாம்.

நன்றாக நடந்தது. நான் பொய் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் அந்தப் பள்ளி டீச்சர் கணக்கு நடத்தியது மாதிரி எங்கள் பள்ளியில் யாரும் நடத்தியதில்லை. ஆனால் குடியானத் தெருப் பெற்றோர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்டில் நின்று என்னைக் கேட்டார்கள்: "தற்காலிகம்தானே சார்?" நான் சொன்னேன்: "ஆமாம், தற்காலிகம்தான்."

கோடை விடுமுறைக்குள் அங்கே தகரம் போட்டுவிட்டார்கள். ஜூனில் அந்தப் பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் போகமாட்டேன் என்று எங்கள் பள்ளியிலேயே நின்றுகொண்டாள். எமிஸ் என்னும் மாணவர் பதிவுக் கணினியில் அவள் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து விடுபட்டு, காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் கிடந்து, எங்களுக்கு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அவள் இல்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தாள்.

22 ஜூன்

நேற்று எழுதியதற்குப் பலர் நெகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்காக மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்லெண்ணம் குறையும், பரவாயில்லை.

2021 கொரோனா வருஷம். தனியார் பள்ளிக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் வந்து குவிந்தார்கள். டி.சி. இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. எங்களுக்கு 140-இல் இருந்து 190 ஆயிற்று. நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு வரை திறந்தார்கள். இடைவெளி விட்டு உட்கார வைக்க வேண்டும், வெளியே அடைமழை. அறை இல்லை. காலனிப் பள்ளியில் அதற்குள் புதுக் கட்டடம், இரண்டு அறை சும்மா இருந்தது. கேட்டேன், அந்தத் தலைமையாசிரியை உடனே சரி என்றார். எங்கள் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் அங்கே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதினோரு பெற்றோர் வந்தார்கள். சத்தம் போடவில்லை. "மழையில் வாய்க்கால் தாண்டிப் போகணும் சார்" என்றார்கள். "பாம்பு பூச்சி இருக்கு" என்றார்கள். கஜாவின்போது காலனிப் பிள்ளைகள் அதே வாய்க்காலைத்தான் தாண்டி வந்தார்கள், அன்றைக்கு யாரும் பாம்பைப் பற்றிப் பேசவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. "தற்காலிகம்தான்" என்றேன். அந்த வாரமே ஒன்பது டி.சி. போயிற்று. மறு வாரம் வகுப்புகளைத் திருப்பி அழைத்து சைக்கிள் கொட்டகையில் உட்கார வைத்தேன். புது அறை மறுபடி பூட்டிக்கொண்டது.

அங்கிருந்து இங்கே வந்தால் சேர்ப்பு, இங்கிருந்து அங்கே போனால் டி.சி. தம்பி, உங்கள் முந்நூறு அடியில் எந்தப் பக்கம் நடக்கப்போகிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு அறை இருப்பது அந்தப் பள்ளியில். நியாயப்படி 118 பிள்ளைகள்தான் அங்கே போக வேண்டும்.

கேட்கக்கூடாது, ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்குப் பிள்ளை இருந்தால் அங்கே அனுப்புவீர்களா?

29 ஜூன்

கேள்வி கேட்டவர் ஒரு வாரமாக வரவில்லை. மேட்டூர் நிரம்பிவிட்டது.

5 ஜூலை

"அறைக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் எதிர்ப்பா?" என்று ஒருவர். இல்லை. அந்தப் பள்ளிகள் யாருக்காக வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஊர்ப் பள்ளிகள் கதவைச் சாத்திய காலத்தில், 1920-களில் ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனித்த லேபர் கமிஷனர் பொறுப்பில் திறந்தவை அவற்றில் பழையவை. எங்கள் பக்கத்துக் கிழவர்கள் இப்போதும் "லேபர் ஸ்கூல்" என்பார்கள். பண்ணையில் கட்டுண்டு கிடந்த குடும்பத்திலிருந்து முதல் ஆள் கையெழுத்துப் போடக் கற்றது அங்கேதான். சேர்த்த பிறகு 'எண்ணிக்கை குறைவு' என்று மூடினால், மனையும் கட்டடமும் யாருக்குப் போகும் என்று கேட்பவர்கள் வம்புக்குக் கேட்கவில்லை. நான் ஜூன் 2-ஆம் தேதி எழுதிய "எதிர்க்க ஒன்றுமில்லை" என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. சாதிப் பெயரைப் பலகையில் சுமக்கும் பள்ளி என்பதே அந்தப் பிள்ளைக்குச் சுமை. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை பள்ளிப் பெயர்களில் அது வேண்டாம் என்கிறது. என் கஜா காலத்து டீச்சரைக் கேட்டேன். "பலகையை இன்றைக்கே எடுக்கட்டும் சார், நிலத்தை மட்டும் எங்கள் தெருப் பேரில் எழுதி வைக்கட்டும்" என்றார். எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது.

8 ஜூலை

நேற்று அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் அறிவித்திருக்கிறார்கள். நல்லது. பெயின்டருக்கு இந்த மாதம் வேலை. பாத்ரூம் தாழ்ப்பாளுக்கும் ஒரு அறிவிப்பு வந்தால் முழு மகிழ்ச்சி.

10 ஜூலை

சேர்ப்பதால் டீச்சர்களுக்கு என்ன வரும் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. தொடக்கக் கல்வியில் பதவி உயர்வு ரொம்ப காலமாக ஒன்றிய அளவு முன்னுரிமைப் பட்டியலில்தான் நடந்தது. சேர்ந்த ஒன்றியத்துக்குள்ளேயே தலைமையாசிரியர் ஆகலாம். 2023 டிசம்பரில் அரசாணை 243 வந்து, பட்டியல்களை மாநில அளவில் ஒன்றாக்கியது. காகிதத்தில் நியாயம்: காலியிடம் எங்கிருந்தாலும் மூத்தவருக்குப் போகும். ஆனால் நீடாமங்கலத்தில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கும் டீச்சருக்குக் கிருஷ்ணகிரியில் பதவி உயர்வு என்றால் அது உயர்வா, தண்டனையா? டிட்டோஜாக் (தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு) போராட்டமெல்லாம் இதற்குத்தான். ஆதிதிராவிடர் நலத் துறை ஆசிரியர்களுக்குத் தனி முன்னுரிமைப் பட்டியல். அதைக் கொண்டுபோய் எந்தப் பட்டியலின் எந்த இடத்தில் செருகுவார்கள் என்பதுதான் அவர்கள் பயம். எங்கள் சங்கத்துக்காரர்களும் அதையேதான் பயப்படுகிறார்கள், எதிர்த் திசையிலிருந்து.

16 ஜூலை

கும்பகோணம் பள்ளித் தீ. 2004. 94 பிள்ளைகள். ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், மேலே கீற்று, கீழே சமையல்கட்டு. அலுவலகங்கள் எல்லாம் இருந்தன. இன்றைக்கு இதற்கு மேல் எழுதவில்லை.

20 ஜூலை

கேள்வி கேட்டவர் வந்துவிட்டார். அவர் ஊராட்சியையே மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சாம், பள்ளி என்ன ஆகும் என்கிறார். நூறு நாள் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஊராட்சிகள் தீர்மானம் போடுவதைப் பார்த்திருக்கிறேன், பள்ளிக்காக யாரும் போட்டுப் பார்த்ததில்லை. நகரத்தில் சொத்து வரி ரசீதில் கல்வி வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். எம்-சீல் வாங்க அதில் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில்: "ஒன்றாம் வகுப்பில் பெண் இருக்கிறாள் சார். தாழ்வாரத்தில்தான் உட்காருகிறாள். வீட்டில் பேசணும்." நேர்மையான பதில். என்னைவிட நேர்மை.

என் யோசனை ஒன்று, நிறைவேறாது என்று தெரிந்தே சொல்கிறேன். பள்ளிகளைச் சேர்ப்பதற்கு முன் அந்தத் தெருவுக்கு ஒரே பள்ளி மேலாண்மைக் குழு போடுங்கள். இரண்டு பள்ளிப் பெற்றோரும் ஒரே பாயில் உட்காரட்டும். ஒழுகும் டேங்குக்கு ஒரே கையெழுத்து போதும் என்று ஆக்குங்கள். காலனி நிலம் காலனிக்கே என்று முதல் தீர்மானம். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு இரண்டு பள்ளிக்கும் சேர்த்து அந்த நாலு அறைக் கட்டடத்தில், 'தற்காலிகம்' என்ற சொல் இல்லாமல். ஆசிரியர் எண்ணிக்கையை இரண்டு வருஷத்துக்குத் தொடாதீர்கள். அதற்குப் பிறகு பலகையை மாற்றுவதா வேண்டாமா என்று அந்தக் குழு சொல்லட்டும்.

21 ஜூலை

"இரண்டு வருஷம் உபரி கூடாது என்றால் நிதித்துறை ஒத்துக்கொள்ளுமா சார்?" ஒத்துக்கொள்ளாது. நிறைவேறாது என்று நேற்றே எழுதிவிட்டேன்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. வாய்க்காலில் தண்ணீர் நிரம்ப ஓடுகிறது, பேத்தி முளைப்பாரி விடப் போயிருக்கிறாள்.

தம்பி 1-ஆம் தேதிக் கணக்கை அனுப்பியிருக்கிறார். ஒன்றியப் பள்ளி 123. அந்தப் பள்ளி 23. ஜூனில் 22 இருந்தது. கூடிய அந்த ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கப் போவதில்லை.

ஆனால் 123 என்றால் 120-ஐத் தாண்டிவிட்டது. ஐந்தாவது ஆசிரியர் கேட்கலாம், உடனே எழுதச் சொல்லுங்கள். வந்தால் அவர் நாற்காலியைத் தாழ்வாரத்தில் போடுவார்களா, முந்நூறு அடி தள்ளிப் போடுவார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள்.